டோரினோவை ஏற்றி அனுப்பிய வாரம்

ரியோ கஷேகோஸில் காரை நிறுத்தும்போது
மூக்கைக் காற்றுக்குக் காட்டித்தான் நிறுத்தவேண்டும்.
இல்லையென்றால் திறந்த கதவு
கீலோடு பெயர்ந்து தன் வழியே போய்விடும்.
இதைத் தொலைபேசியில் சொன்னபோது
சால்டாவில் எவாஞ்சலினா சிரித்தாள்.
"எது மலிவோ அதில் அனுப்புங்கள், நெலிதா."

பணம் வந்துவிட்டது. கார் அவளுடையது.
சாவி இன்னும் என் சட்டைப்பையில்.
இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நாட்களுக்கு
யார் பொறுப்பென்று
எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை.

எழுபத்தொன்றாம் வருடத்து டோரினோ.
உலர்ந்த திராட்சைத் தோலின் நிறம்.
மூன்று கார்புரேட்டர், மூன்றுக்கும் மூன்று மனநிலை.
ஓட்டிக்கொண்டே போய்விடலாம்தான்;
போன வருடமென்றால் போயிருப்பேன்.
இப்போது என் பார்வையின் நடுவில்
நாணயம் அளவுக்கு ஒன்றுமில்லை.
எதிரே வரும் லாரி அதற்குள் புகுந்து
சற்று நேரம் கழித்து வெளியே வருகிறது.

முதலில் பேசியவன் விலையை மட்டும் சொன்னான்.
பாதி விலை.
இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி என்றேன்.
"எல்லாம் இருக்கிறது, செஞோரா."
எல்லாம் என்ற பெயரில்
ஒரு கம்பெனியும் எனக்குத் தெரியாது.

அடுத்தவளிடம் திறந்த லாரி.
மேலே ஐந்து வண்டி, கீழே நாலு.
"கீழே நின்றால் அடுத்தவன் எண்ணெய் உன் கூரையில்.
மேலே நின்றால் காற்றில் வரும் மணல்.
சரளைப் பாதையில் எங்கே நின்றாலும் கல் தெறிக்கும்.
புது வண்டிக்குக் கண்ணாடி கடையில் கிடைக்கும்.
உன்னுடையதற்கு?"
தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டு
ஒரு எண் தந்தாள்: கிலோட்ரான்.

கிலோட்ரான் விலை சொல்லவில்லை. கேட்டான்.
தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் எத்தனை விரற்கடை?
ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா, பிடிப்பதாக நடிக்கிறதா?
எண்ணெய் எங்கே ஒழுகுகிறது?
ஒழுகவில்லை என்றேன்.
அவன் பக்கம் சத்தமே இல்லை.
கியர்ப்பெட்டிக்குப் பின்னால், என்றேன்.
"சரி, அட்டை விரிக்கிறேன்."

மூடிய பெட்டி, ஒரே வண்டி, இருமடங்கு பணம்.
மிச்சத்தை நான் போட்டேன்.
எவாஞ்சலினாவிடம் சொல்லவில்லை.

ஜூன் மாதம். ஒன்பது மணிக்கும் விடியவில்லை.
டார்ச் பிடித்தபடி காரைச் சுற்றினோம்.
காயங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து
அவன் தாளில் ஏற்றினான்:
பம்பரில் கடுகளவு துரு.
இடது கதவில் கீறல், நீளம் ஒரு சாவி.
கூரையில் குழி.
"ஆலங்கட்டி மழையா?"
இல்லை, என் முழங்கை.
தொண்ணூற்றொன்பதில், கோபத்தில்.
யார்மேல் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.
"குழி, ஒன்று" என்று முடித்தான்.

டாங்கில் கால்வாசி பெட்ரோல் போதுமென்றான்.
பேட்டரிக் கம்பியை நானே கழற்றினேன்.
வின்ச் இழுக்க, உறுமாமல், புகையாமல்,
அந்தக் கார் முதல்முறையாகச் சொன்னபடி கேட்டது.
பட்டைகளைச் சக்கரங்களில் மட்டும் கட்டினான்.
"உடம்பு ஆடட்டும். கால் நகரக் கூடாது."
கையெழுத்துக்குக் கோடு எங்கே என்று தேடினேன்;
கேள்வி கேட்காமல்
என் பேனா முனையைக் கொண்டுபோய் அங்கே வைத்தான்.

ஒன்பதாம் நாள் அவள் அழைத்தாள்.
"வந்துவிட்டது! கூரையில் மட்டும் ஒரு குழி..."
தாளைப் பார்.
காகிதம் புரளும் சத்தம்.
"ஆமாம். இருக்கிறது."
பிறகு: "கிலோமீட்டர் முள் பழுதா?
நீங்கள் சொன்ன அதே எண்தான் காட்டுகிறது."

ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர்.
எண்ணெய்க் கிணறுகள், உப்புவெளி, கரும்புக்காடு,
கிலோட்ரான் நின்று நின்று பட்டை இறுக்கிய
எத்தனையோ பெட்ரோல் பங்க்.
ஒன்றும் அதன் கணக்கில் ஏறவில்லை.

பழுதில்லை, என்றேன்.
கதவைத் திறக்குமுன்
காற்று எந்தப் பக்கமென்று பார்.

"இங்கே காற்றே இல்லை, நெலிதா."

இருக்கட்டும். பார்.