இருபத்திரண்டு

கதவில் ஒட்டிய தாளில்
குடும்பப் பெயர் வரிசை.
எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால்
பாஸ்போர்ட் என் அப்பாவை அங்கே நிறுத்தியிருக்கிறது.
"காலியா... மூர்த்தி?"
கூப்பிடும்போதெல்லாம் நான் கை தூக்குகிறேன்.
மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் மனிதர்
நீரியல் வாய்மொழித் தேர்வுக்கு
மூன்றாவது ஆளாகக் காத்திருக்கிறார்,
பிப்ரவரி மூடுபனியில்,
என் கோட்டைப் போட்டுக்கொண்டு.

ஊரின் பெயர் பாவியா.
வந்த அன்று ரயில் நிலையப் பலகையிலேயே
கேட்டுவிட்டது.
இன்னும் பதில் சொல்லவில்லை.

எனக்கு அடுத்தவன் மெலிஸ். எஃபிசியோ மெலிஸ்.
சார்தீனியாக்காரன், என் பக்கத்து அறை.
இதே தேர்வில்
இருபத்துநான்கு வாங்கி வேண்டாம் என்றவன்.
இருபத்தைந்து வாங்கி வேண்டாம் என்றவன்.
இருபத்துமூன்றுக்குச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவன்.
முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி இங்கே.
ஆனாலும் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டுப்
பேனாவை மூடாமல் கேட்பார்கள்:
ஏற்றுக்கொள்கிறீர்களா?

முதலில் நம்பவில்லை நான்.
துணிக்கடையா இது,
கட்டுப்படியாகுமா என்று கேட்க?

நேற்றிரவு பத்து மணிக்கே
சிஞ்ஞோரா ஓர்னெல்லா ஹீட்டரை அணைத்துவிட்டாள்.
சமையலறையில் போர்வையோடு லுதோவிக்கா,
கையில் என் நோட்டு.
அவள் படிப்பது சட்டம்.
தண்ணீர் குழாயில் வரும் என்பதற்குமேல்
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
ஒரு மணிவரை கேள்வி கேட்டாள்.
நான் தப்பாகச் சொன்னதை விட்டுவிட்டாள்,
தயங்கியதையெல்லாம் பிடித்துக்கொண்டாள்.
"தெரியாதுன்னு சொல்லாதே.
'யோசித்துப் பார்த்தால்' என்று ஆரம்பி.
பேசிக்கொண்டே இரு.
மௌனத்துக்கு மார்க் கிடையாது."

பதினாறு வருடத் தேர்வுகளில்
கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றதைத் தவிர
நான் வாய் திறந்ததே இல்லை, லுதோவிக்கா.

உள்ளே பேராசிரியர் தல்யாபுவே.
மேசையில் பாதி உரித்த மாண்டரின் ஆரஞ்சு.
"ஒரு கால்வாய் வரையுங்கள்."
வரைந்தேன்.
"சரிவைக் கூட்டுங்கள்."
கூட்டினேன்.
ஆழம் என்பதற்கு அவர்கள் சொல்
அந்த நேரம் பார்த்துக் காணாமல் போனது.
தரையிலிருந்து இடுப்புவரை கையை உயர்த்திக் காட்டினேன்.
அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.
கடன் வாங்கி மேலே போனேன்.
நீர் தாவுமிடத்தில் சக்தி எங்கே போகிறது என்றார்.
எங்கெங்கோ போகிறது என்றேன்,
இன்னும் கொஞ்சம் கௌரவமாக.

"இருபத்திரண்டு.
ஏற்றுக்கொள்கிறீர்களா?"

பிளஸ் டூ மதிப்பெண் குறுஞ்செய்தியாக வந்தது.
கட்-ஆஃப் ஒரு பட்டியலாக வந்தது.
தங்கும் அனுமதி அட்டை இன்னும் வரவில்லை,
பதினோரு மாதமாகத் தபால் நிலைய ரசீதோடு நடமாடுகிறேன்.
வந்ததும் வராததும்
என்னைக் கேட்டு அல்ல.

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, தெரியும்.
ஆகஸ்டுக்குள் கிரெடிட் குறைந்தால்
உதவித்தொகை நிற்கும், வாடகை நிற்காது.
எஃபிசியோவின் வேண்டாம்களுக்குப் பின்னால்
மாதம் தவறாமல் பாலாடைக்கட்டி அனுப்பும்
ஒரு மாமா இருக்கிறார்.

இருந்தாலும்
உடனே சொல்லவில்லை.
மூடாத பேனா
மேசைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.
ஜன்னலில் பனி. எங்கோ ஒரு தேவாலயம்
பதினொன்று அடிக்க ஆரம்பித்தது.
அடித்து முடிக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

"யோசித்துப் பார்த்தால்..." என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்.
ஒரு சுளை ஆரஞ்சை என் பக்கம் தள்ளினார்.

ஏற்றுக்கொள்கிறேன்.
கலியமூர்த்தி என்று கையெழுத்திட்டுப்
பக்கத்தில், கோட்டுக்கு வெளியே,
அருள்விழி என்றும் எழுதினேன். இடம் இருந்தது.

எஃபிசியோவின் பையை மடியில் வைத்துக்கொண்டு
தாழ்வாரத்தில் அரைமணி நேரம்.
வெளியே வந்தான்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
மூடிய பாலத்தின் நடுவில்
ஆறு கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஓட,
"இன்றைக்கு என்ன கிழமை?" என்றான்.

புதன்.
கண்ணாடி பாட்டில்களை
வெளியே வைக்க வேண்டிய ராத்திரி.
போன வாரம் அவன் வைத்தான்.