அனுப்புநர்

'அனுப்புநர்' என்று எழுதிவிட்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்
மனு எழுதித் தரும் சோலைராசு.
ஆட்சியர் அலுவலக வாசல்,
திங்கட்கிழமை வெயில்,
மனு ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
"முகவரி சொல்லுங்கம்மா."

சொல்லலாம்.
விளாங்குடி நான்காவது தெருவில்
அந்த வீடு இருக்கத்தான் செய்கிறது.
நான்தான் இல்லை.

இது ஆறாவது கடிதம்.
முதல் கடிதம் முதலமைச்சருக்கு.
ஒன்றுவிடாமல் எழுதினேன்:
கப்பலூர் விலக்கில் அவுக லோடு வண்டி கவிழ்ந்தது,
முழங்காலுக்குள் கம்பி வைத்தது,
பதினாலு லட்சம் கடன்,
மாதம் பதினேழாயிரத்து முந்நூற்று நாற்பது,
மாவு பாக்கெட் விற்றுக் கட்டிய
இரண்டு தவணைக்கு ரசீது நகல் இணைப்பு.
மிதக்கும் வட்டி என்று சொல்லிக்
கையெழுத்து வாங்கியதையும் எழுதினேன்.
வைகையில் ஆகாயத்தாமரை தவிர
எதுவும் மிதந்து பார்க்காதவள் நான், ஐயா.

டெல்லிக்கு மோனிஷா எழுதினாள், இங்கிலீஷில்.
பத்தாம் வகுப்புக்குத் தெரிந்தது
லீவு லெட்டர் ஒன்றுதான்.
'காய்ச்சலால் அவதிப்படுவதால்' வரும் இடத்தில்
'கடனால்' போட்டாள்.
மூன்று நாள் விடுப்புக்குப் பதில்
ஆறு மாதம் அவகாசம்.
அடியில் 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி'யை
அடிக்க மறந்துவிட்டாள்.
நிதியமைச்சருக்கு அப்படியே போய்விட்டது.

மூன்றும் நாலும் யாருக்கென்று நினைவில்லை.
ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்தன
யாரோ கிறுக்கிய கையெழுத்தோடு.
அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன்,
பூச்சி அரிக்காது.

அதற்குள் சுவரில் எழுத ஆள் அனுப்பினார்கள்.
வந்தது மாயழகு.
பால் காய்ச்சிய அன்று
வாசல் நிலைக்கு மேலே
'யாமிருக்கப் பயமேன்' எழுதிக் கொடுத்து
முந்நூறு ரூபாயும் வேட்டியும் வாங்கிப் போனவன்.
சிவப்புப் பெயிண்ட் டப்பாவை
முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.
"சின்ன எழுத்தா எழுதிடுறேன்க்கா."
சின்னதாகத்தான் எழுதினான்.
ஆனாலும் அதே கை,
அதே சாய்ந்த 'ம':
மேலே பயமேன்,
கீழே இச்சொத்து அடமானம்.
எழுதி முடித்ததும் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன்.

ஐந்தாவது கடிதத்தைப் போட்ட
ஒன்பதாம் நாள் சீல் வைத்தார்கள்.
கிரைண்டர் உள்ளே.
ஊறப்போட்ட உளுந்தும் உள்ளே.
நாங்கள் அரப்பாளையத்தில் ஒற்றை அறைக்கு வந்தோம்,
அவுக காலை நீட்டினால் கதவு சாத்தாது.

போன புதன்கிழமை எதிர்வீட்டு லூர்துமேரி போன் செய்தாள்.
"உங்களுக்குத் தபால் வந்துச்சு தமயந்தி,
கவருமெண்டு தபால்.
கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிட்டாரு."

போய்ப் பார்த்தேன்.
சமையலறை ஜன்னலில் ஒரு சில் உடைந்திருக்கும்,
மாற்ற வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அதில் கண்ணை வைத்தால் வாசல் வரைக்கும் தெரியும்.
மோனிஷாவின் ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில்
பழுப்பு உறை,
முத்திரை,
நேர்த்தியாகத் தட்டச்சு செய்த என் பெயர்.
ஒட்டடைக் குச்சியை விட்டு இழுத்துப் பார்த்தேன்.
ஒரு முழம் எட்டவில்லை.

என்ன எழுதியிருப்பார்கள்?
'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு
சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது.'
அப்படித்தான் இருக்கும் என்கிறார் சோலைராசு,
ஆயிரம் பார்த்தவர்.
இருக்கட்டும்.
எனக்கு வந்த பதில். நான் படிக்க வேண்டும்.

பொருள் என்று போட்டு எழுதுங்கள், அண்ணே:
அரசு அனுப்பிய பதிலை எடுத்துக்கொள்ள
வீட்டை ஐந்து நிமிடம் திறந்துவிடக் கோருதல்.
வேறொன்றும் எடுக்க மாட்டேன்.
உளுந்துச் சட்டியை மட்டும் கொட்டிவிட்டு வருவேன்,
நாற்றம் தெருவரை வருகிறதாம்.

அவர் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் எழுதினார்.

"அனுப்புநர் இன்னும் காலியா இருக்கும்மா."

அந்த வீட்டையே போடுங்கள்,
4/117.
தபால்காரருக்கு
வழி தெரியும்.