பழைய சன்னல் திறந்தே இருக்கட்டும்

புந்தா அரேனாசில் இரவு மூன்றரை.
தகரக் கூரையின் ஓரத்தைப் பிடித்துக் காற்று
விடாமல் உலுக்கிக்கொண்டிருந்தது.
தொலைவிலிருந்து நுழையும் மென்பொருளில் ஓட்டை;
அறிவிப்பு மாலையில் வந்தது.
பாஸ்வேர்ட் கேட்கும் முன்பே
யாரும் உள்ளே வரலாமாம்.
நாற்பத்தொரு கணினிகள்.
நாற்பதை அடைத்துவிட்டாள் நயாரெத்.

மிச்சம் ஒன்று, கைக்கேன் தீவில்:
அலைமானி, காற்றுமானி, ஒரு சிறு செர்வர்.
வாரம் ஒரு படகு, அதுவும் கடல் சம்மதித்தால்.
அந்த வாசலைச் சீர்செய்ய
அந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.
நுனிக்கிளையில் உட்கார்ந்து
அடிமரம் வெட்டுகிறவளை ஊர் சிரிக்கும்;
இவளுக்கு அதற்குத்தான் சம்பளம்.

அப்டேட் இறங்கியது.
சேவையை நிறுத்தி, எழுப்பினாள்.
இருக்கும் சன்னலை மூடாமல்
புதிதாய் ஒன்றைத் திறந்து தட்டினாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

மறுபடி. மறுக்கப்பட்டது.
ஆறிப்போன மாத்தேயை அப்படியே உறிஞ்சினாள்.

பழைய சன்னலில் மட்டும்
அந்தச் சின்னக் கட்டம் இமைத்துக்கொண்டிருந்தது.
வட்டிலிருந்து அழிந்துபோன நிரல்
நினைவகத்தில் இன்னும் உயிரோடு
அவளுக்காகக் கதவைப் பிடித்தபடி நிற்கிறது;
தான் செத்தது அதற்குத் தெரியாது.
காற்று ஒருமுறை இணைப்பை அறுத்தால்
அடுத்த படகுவரை தீவு ஊமை.

தூங்குகிறவன் சட்டைப்பையில் கைவிடுவதுபோல
சாவிப் பட்டியலைத் திறந்தாள்.
பழைய வகைச் சாவிகளைப் புதிய பூட்டு ஏற்பதில்லை.
அவளுடையதும் பழசு.
அதற்குக் கீழே இன்னொன்று,
வாலில் பெயரோடு: எவாரிஸ்தோ.

நான்கு வருடம் முன்பு
வடக்கே செம்புச் சுரங்கத்துக்குப் போனவன்.
வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தான்,
உப்புச்சாடி அருகில்.
இந்தச் சாவியை
அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பதிவேட்டைத் தேடினாள்.
வந்திருக்கிறான்.
பதினேழு முறை.
எல்லாமே புயல் இரவுகள்.
எதையும் தொடவில்லை;
காற்றின் வேகத்தை ஒருமுறை வாசித்துவிட்டு
இரண்டு நிமிடத்தில் போயிருக்கிறான்.

புதிய சாவி செய்து பட்டியலில் ஒட்டினாள்.
தட்டினாள். திறந்தது.
தன் பழைய வரியை அழித்தாள்.
அவன் வரியை அழிக்கத் தேவையே இல்லை,
பூட்டு இனி அவனை அறியாது.
இருந்தும் அழித்தாள்.

அலுவலகக் குறிப்பில் எழுதினாள்:
நாற்பத்தொன்றும் முடிந்தது.
காலாவதியான சாவிகள் இரண்டு நீக்கம்.

பதினேழைப் பற்றி எழுதவில்லை.

பழைய சன்னலில் கடைசியாக
காற்றுமானியைக் கேட்டாள்:
மணிக்கு நூற்றிரண்டு கிலோமீட்டர்.

சன்னலை மூடினாள்.
பதிவேட்டை மட்டும் மூடவில்லை.