மாடியில் மட்டும் இல்லை

கட்டபெட்டுத் தேயிலை ஆலையில்
மூன்று கணினி, மூன்று மதம்.
எடைமேடை ஓரம் விண்டோஸ்.
இலை வாட்டும் மாடியில்
தூசி தின்று கிடக்கும் லினக்ஸ்.
மேலாளர் மகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த மேக்,
அதற்கு மட்டும் கம்பளி உறை.

மூன்றும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்:
இலையில் ஈரம் எத்தனை சதவீதம்.
அந்த ஃபங்ஷன் என்னிடம் இல்லை,
கருவி விற்ற கோவைக் கம்பெனியின் நூலகத்தில் இருக்கிறது.
என் நிரல் ஓடத் தொடங்கிய பிறகு
போய்க் கதவைத் தட்ட வேண்டும்.
டிஎல்எல் என்றால் ஒரு கதவு. எஸ்ஓ என்றால் இன்னொன்று.
டைலிப் என்று
நாக்கு சுளுக்கினால் மூன்றாவது.
மூன்றுக்கும் சேர்த்து
ஒரே உறை தைத்தேன்:
திற, தேடு, மூடு.

தேடி வெறும் சுழியம் கைக்கு வந்தால்
அதை அழைக்கக் கூடாது.
அழைத்தால் எல்லாம் சரியும்.

கீழே ஓடியது. மேக்கிலும் ஓடியது.
மாடியில் சுழியம்.
'ஈரம்' என்று யாரும் இங்கே இல்லையாம்.

இரவு பதினொன்று.
பாய்லரிலிருந்து போஜன் ஏறி வந்தார்.
"யாரைத் தேடறீங்க?"
"ஈரத்தை."
"ஜூலை மாசத்துல, இந்த ஊர்ல,
அதைத் தேடற ஒரே ஆள் நீங்கதான்."

நூலகத்தின் பெயர்ப்பட்டியலை விரித்தேன்.
இருந்தது.
முன்னால் ஓர் அடிக்கோடு, ஒரு இஸட், ஓர் ஐந்து,
வாலில் ஒற்றை ஐ.
லினக்ஸுக்கு மட்டும் வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள்,
கம்பைலர் தன் வழக்கப்படி
பெயரை முறுக்கியிருக்கிறது.

கோபம் வரவில்லை எனக்கு.
ஹட்டியில் நான் மாதி.
பள்ளிப் பதிவேட்டில் ஜே. மாதேஸ்வரி.
ஆதாரில் ஜே
வால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.
கோத்தகிரி வங்கியில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கும்போதே
அப்படி யாரும் இல்லை என்றார்கள்.
மூன்று முறை போனேன்,
நான்காம் முறை
அவர்கள் எழுதியிருந்தபடியே என்னைச் சொன்னேன்.

அதே மாதிரி கேட்டேன்.
அடிக்கோடு, இஸட், ஐந்து, ஈரம், ஐ.

அறுபத்தொன்பது
என்றது திரை.

போஜன் தொட்டிக்குள் கைவிட்டு
ஒரு பிடி இலையை இறுக்கி, விட்டு,
விரிவதைப் பார்த்தார்.
"இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடணும்" என்று
விசிறியைக் கூட்டிவிட்டு இறங்கிப்போனார்.

மஞ்சு ஜன்னலை அடைத்திருந்தது.
நூலகத்தை மூடும் வரியை
இன்றைக்கு நான் எழுதவில்லை.
மூடினால்
மறுபடி யாரென்று கேட்குமே.