எம் வரிசை, பதினேழு

அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள்.
எண்ணியவள் நான்.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு குட்டி பல்பு,
பல்புக்கொரு கம்பி,
மழை மாதங்களில் கம்பிக்கொரு எலி.

பெருமாள் மலைக்கும் மேலே, இந்தப் பனியில்,
இவ்வளவு பெரிய கலையரங்கம் எதற்கென்று
டெண்டர் எடுத்தவரே கேட்டாராம்.
பல்கலைக்கழகத்துப் பெண்கள் கேட்கவில்லை.
விடுதியில் நாலு அடி ஆடினால்
கீழறை வேதியியல்காரி
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறாள்.

என் இடம் பின்சுவரில், ஒரு கண்ணாடி அறை.
வத்தலக்குண்டில் ஒயர்மேன் படிப்பு,
ஆறு மாத ஒப்பந்தம், ஏழாம் முறையாக.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாடகம் ஊமை.
காதில் மாட்டியதில் தபசுமேரி சொல்வாள்:
பன்னிரண்டு, போ.
பன்னிரண்டைத் தள்ளுவேன்.
மேடையில் யாரோ அழுவது மஞ்சளாகும்.
மூன்று வருடம் இப்படித்தான் பார்த்தேன்,
அழுகையை நிறமாக,
சண்டையை வாயசைப்பாக.

நவம்பர், இரண்டாம் சனி.
ரேஷன் கடைத் தராசு ஒன்று
நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிற நாடகம்.
ஷம்சாத்தான் தராசு.
இரண்டு கையையும் விரித்தபடி நாற்பது நிமிடம்.
பார்க்க வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர்,
பதிவாளர் குல்லாயோடு முதல் வரிசையில்.

முப்பத்தொன்றை முடித்திருந்தேன்.
காவலாளி ராசு ஓடி வந்தார்,
மேடைக்கு நேர் குறுக்கே,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.
முப்பத்தெட்டுத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

காட்டுமாடு.
பதிவாளரின் ஜீப்புக்கும் சாய்தளத்துக்கும் நடுவில்,
முட்டி வரை வெள்ளைக் காலுறை போட்ட
ஒரு கறுப்புச் சுவர்.

வனத்துறைக்குப் போன் போயிற்று.
வெளிச்சம் வேண்டாம், எல்லாத்தையும் அணைங்க,
பேசுங்க, கத்தாதீங்க,
அதுவா வந்துச்சு, அதுவா போகும்.

எல்லோரும் பின்னால் திரும்பி
என்னைப் பார்த்தார்கள்.
இந்த அரங்கில் என்னை யாரும் பார்த்தது அதுதான் முதல்.
தபசுமேரி எண் எதுவும் சொல்லவில்லை.
மெயினை இறக்கினேன்.

எரிய ஒன்றுமில்லாத அறையில் எனக்கு என்ன வேலை?
கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.
இருக்கை எண் தகடுகளுக்கு
ஆணி அடித்தவளும் நான்தான்.
விரலால் படித்துக்கொண்டே போய்
எம் பதினேழில் உட்கார்ந்தேன்.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஷம்சாத்:
"கனம் நீதிபதி அவர்களே,
என் முள் பொய் சொல்லாது.
முள்ளைத் தொட்ட விரலைக் கேளுங்கள்."

கத்தவில்லை. மைக் இல்லை.
பக்கத்து இருக்கையில் இருந்து சொன்ன மாதிரி.
சுவரெல்லாம் மரப்பலகை,
ஒரு கொக்கி மாட்ட விடமாட்டார்கள்,
எத்தனை முறை திட்டியிருப்பேன் அந்தப் பலகைகளை!
அவை அவள் மூச்சை வாங்கி
ஒரு துளி சிந்தாமல் எம் வரிசையில் இறக்கின.
வலது கை தளர்ந்தபோது
வளையல் சரிந்ததுகூடக் கேட்டது.

செர்லின் நீதிபதி. கேட்டாள்:
"எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை உண்டா?"
வெளியே, கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து
அது ஒரு பெருமூச்சு விட்டது.
முப்பத்தெட்டு நெஞ்சுகள் சிரிப்பை அடக்கும் சத்தம்
எப்படி இருக்கும் தெரியுமா?
பால் பொங்குவதற்கு முன்னால் இருக்குமே, அது.

ஒன்பது ஐம்பதுக்குப் போயிற்று.
சாய்தளத்தில் சாணி,
பெகோனியாத் தொட்டி மட்டும் காலி.
மெயினை ஏற்றினேன்.
எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
ஏதோ பறிபோனவர்கள் மாதிரி.

தபசுமேரி தன் தாளில்
முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையில்
பென்சிலால் எழுதினாள்: இருட்டு, இருபத்தாறு நிமிடம்.
ஜனவரியில் திருச்சிப் போட்டிக்கும்
இதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றாள்.
வைத்துக்கொள், அந்த இருபத்தாறு நிமிடத்துக்கு
எனக்கொரு நாற்காலி போடு என்றேன்.

எம் பதினேழின் காலடி பல்பு எரியவில்லை என்று
புகார்ப் புத்தகத்தில் ஜூன் மாதமே எழுதியிருக்கிறார்கள்.
மாற்ற வேண்டும்.
மாற்றவில்லை.