இன்று உதயமில்லை

நிரல் சொன்னது:
இன்று சூரியன் உதிக்காது.

அப்போது மணி பகல் பன்னிரண்டே கால்.
காரைக்குடி, செக்காலை ரோடு, மருந்துக்கடை மாடி.
ஜிஎஸ்டி கணக்குக்கு நான் நிரல் எழுதிப் பிழைக்கும் அறை.
சன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிறது.
எதிர் மாடியில் யாரோ மோர்மிளகாய் பரப்பி
காக்காய்க்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள்.
உதிக்காத சூரியனில்
அது நன்றாகத்தான் காய்கிறது.

முதலில் நேரத்தைச் சந்தேகித்தேன்.
இந்த வேலையில் ஐந்தரை மணிதான் பழகிய திருடன்:
ஒருமுறை கூட்ட வேண்டியதை இருமுறை கூட்டுவோம்,
கிரீன்விச்சில் இன்னும் நேற்று என்பதை மறப்போம்.
இந்தத் தடவை அவன் யோக்கியன்.
கோள்களின் அட்டவணையைப் பிரித்தேன்.
கூட்டல் கழித்தல் குறிகளைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன்.
சாப்பாட்டுக் கேரியர் ஆறிப்போனது.

கல்லலிலிருந்து அசீனா போனில் சிரித்தாள்:
"ஆறாவது வரியைப் பாரு.
அட்சத்தையும் தீர்க்கத்தையும்
இடம் மாத்தி வச்சிருக்கே."

பத்து புள்ளி பூஜ்யம் ஏழு வடக்கு,
எழுபத்தெட்டு புள்ளி ஏழு எட்டு கிழக்கு.
இப்படி இருக்கவேண்டிய ஊரைத்
தலைகீழாகக் கொடுத்து
மூன்று வாரமாய் வடதுருவத்துக்குப் பக்கத்தில்
ஒரு கடலில் நிறுத்தியிருந்தேன்.
புது பஸ் ஸ்டாண்டில் பனிப்பாறை.
திருப்பத்தூர் வண்டி கிளம்பாது.
மார்கழியில் அங்கே விடிவதே இல்லை;
மாசி வரைக்கும் இருட்டு.

நிரல் பொய் சொல்லவில்லை.
கொடுத்த இடத்துக்கு உண்மையாக இருந்தது.

இரண்டு சொற்களை மாற்றிப்போட எட்டு நொடி.
கீழே ஒரு சோதனையும் எழுதிவைத்தேன்:
காரைக்குடியில் சூரியன் தினமும் உதிக்கவேண்டும்.
இல்லையென்றால் நிறுத்து.

இத்தனையும் ஒரு கல்லுக்காக.
நாற்பது கிலோமீட்டர் அகலம்,
பெயர்கூட இல்லை, வெறும் எண்.
மார்கழி பன்னிரண்டு, காலை நாலு நாற்பத்தொன்றுக்கு
ஒரு மங்கல் நட்சத்திரத்தின் முன்னால் அது கடக்கும்.
அதன் நிழல் எங்கள் ஜில்லாவைத் தொட்டுப் போகும்.
யார் வீட்டு மாடியில் எத்தனை நொடி அணைந்தது என்று
எல்லோரும் சொன்னால்
கல்லின் உருவம் கிடைக்கும்.

பள்ளத்தூரில் சொர்ணவல்லி, கல்லூரி ஆய்வக உதவியாளர்.
கல்லலில் அசீனா.
தேவகோட்டையில் எலக்ட்ரீசியன் ஆரோக்கியம்;
அவர் தொலைநோக்கி நிற்பது
பழைய சீலிங் ஃபேனின் மோட்டார்மேல்.
நடுவில் நான்.

நாலரைக்குக் கோயில் மைக் ஆரம்பித்தது.
கல்யாண மண்டபத்துச் சீரியல் செட்டை
அணைக்கச் சொல்லிக் காவலாளிக்கு இரண்டு டீ.
நாலு நாற்பது.
திரையில் அந்தப் புள்ளி,
அரிசிக்குருணை அளவுக்கு.
நாற்பத்தொன்று.
கண் சிமிட்டவில்லை நான்.
அதுவும் சிமிட்டவில்லை.
நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று,
ஒரு லாரி போனது, புள்ளி குலுங்கியது,
திரும்ப வந்து நின்றது.

திரும்பவும் ஆறாவது வரியா?
வயிற்றைப் பிசைந்தது.

பள்ளத்தூர்: மறையவில்லை.
கல்லல்: மேகம், கூடவே அசீனாவின் ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு ஆரோக்கியத்தின் குரல், மூச்சிரைக்க,
"போச்சுங்க, போயிட்டு வந்துச்சுங்க!"
ஒன்று புள்ளி ஒன்பது நொடி.

அப்படியென்றால்
எனக்கு மறையாததும் கணக்குதான்.
எனக்கும் அவருக்கும் இடையில்,
அமராவதிபுதூர் பக்கம் எங்கோ,
கருவேலங்காட்டின்மேலோ கண்மாய்க்கரைமேலோ
அந்தக் கல்லின் விளிம்பு
ஓசையில்லாமல் ஓடியிருக்கிறது.
அங்கே யாரும் விழித்திருந்திருக்க மாட்டார்கள்.
நாய்கள் இருந்திருக்கும்.

எண்களைச் சேமித்தேன்.
உதயம் ஆறு முப்பது என்றது நிரல்.
நான் பார்க்கவில்லை.
மாடியிலேயே தூங்கிவிட்டேன்,
கேமரா வயர் காலில் சுற்றியபடி.
வெயில் முகத்தில் அடித்து எழுப்பியபோது
சோதனை தேறியிருந்தது.