நாலெழுத்து

இர்மிங்கர் கடலில் ஆயிரத்து நானூறு மீட்டரிலிருந்து
வலை மேலே வர ஒன்றேகால் மணி நேரம்.
அதற்குள் ஸ்டெய்ன்வோர் இரண்டு காப்பி குடித்துவிட்டாள்.
கொட்டிய குவியலில்
விளக்கு மீன்கள், கிழிந்த சொறிமீன், சிவப்பு இறால்.
அடியில், என் விரல் நீளம்கூட இல்லாத ஒன்று.
ஊதிப்போன மூக்கு.
பூட்டிய வாய்.

"தின்னவே முடியாததுக்கு எதுக்கு இத்தனை பெரிய மூக்கு?"
நான் பையில் போட்டு எண் எழுதினேன்.

வலப்பக்கத்தில்தான் வெட்ட வேண்டும்,
இடப்பக்கம் படத்துக்கு.
அரிசிமணி அளவு தசை போதும்.
ஐம்பத்தாறு டிகிரிச் சூட்டில் இரவெல்லாம் கரைந்து
காலையில் குழாய்க்குள் மீன் இருக்காது,
மீன் சொல்லவேண்டியது இருக்கும்.

நிலவறை ஜாடி ஒன்றில் இதே மூக்கு,
தொள்ளாயிரத்து முப்பத்தொன்றிலிருந்து.
தோர்கிரிமுர் துடுப்பு முட்களை எண்ணி
லத்தீனில் மூன்று பக்கம் எழுதி
புது இனம், புதுக் குடும்பம் என்றார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
கண் கண்டதை எழுதினார்.
ஜாடியையும் கேட்டுப் பார்த்தேன், இரண்டு முறை.
ஃபார்மலின் உடலைக் காக்கும்,
உள்ளிருக்கும் எழுத்தை நொறுக்கிவிடும்.
திரையில் ஒன்றும் வரவில்லை.

புதிய மீனின் விடை புதன்கிழமை வந்தது.
ஏ, சி, ஜி, டி.
நாலெழுத்துப் படித்தவர்கள் என்று எங்களைச் சொல்லலாம்,
அதற்குமேல் இதில் எழுத்தே கிடையாது.
அறுநூற்று ஐம்பத்திரண்டு இடங்கள்.
ஒப்பிட்டேன்.

ஒன்றரைச் சாண் நீளச் செம்மீன் ஒன்று, தலையெல்லாம் வாய்,
எல்லாமே பெண். அது வேறு குடும்பம்.
மேல்நீரில், உடம்பைப்போல் பல மடங்கு வாலை
நாடாவாக இழுத்துக்கொண்டு திரியும் குஞ்சு.
அது மூன்றாவது குடும்பம்.
மூன்றுக்கும் இடையே இரண்டே எழுத்து வித்தியாசம்.
அண்ணன் தம்பிக்குள் அவ்வளவு இருக்கும்.

அம்மா, அப்பா, பிள்ளை.
தொண்ணூறு ஆண்டு மூன்று அலமாரியில்.

சிரிப்பு வந்தது. எங்கள் நாட்டில் குடும்பப் பெயரே கிடையாது.
அப்பா பெயர், பின்னால் மகன் அல்லது மகள், அவ்வளவுதான்.
எனக்கு அம்மா பெயர்:
ஹால்பேரா ஆஸ்டிசார்டோட்டிர்.
ஏன் என்று பள்ளியில் கேட்டவன்மேல் பனிக்கட்டி எறிந்தேன்.

நான் படித்த இந்த எழுத்து
தாய்வழியாக மட்டுமே இறங்குவது.
வளர்ந்தபின் வாயடைத்து,
குஞ்சுப் பருவத்தில் தின்று ஈரலில் சேர்த்ததைக் கரைத்தபடி
இருட்டில் ஒரு வாசனையைத் தேடிப் போனானே,
அவனிடமும் இருந்தது அம்மாவின் எழுத்துதான்.
யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை.

பழைய சீட்டை எடுக்கக் கூடாது, அது விதி.
பேனா மை சாராயத்தில் கரையும்.
பென்சிலால் புதுப் பெயரை எழுதி
தோர்கிரிமுரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் நுழைத்தேன்.
பிறகு மூடியைத் திரும்பத் திறந்தேன்.
இந்த ஜாடி எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே.
பெயருக்குப் பின்னால்
ஒரு கேள்விக்குறி.